கதிரேசனுக்கு மட்டும் சாகும் பேட்டரி

ஜனவரி 4, சனி. சிம்லா

இது முழுக்க முழுக்கத் தொழில் சம்பந்தப்பட்ட நாட்குறிப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தின் செயலாளர் ஐயாத்துரை அண்ணன், “ஆவுடை, நம்மூர்ல எவனும் கொடைக்கானலுக்கு மேல கேமராவத் தூக்கிட்டுப் போனதில்ல. நீ பனிக்குள்ளயே போற. என்ன ஆகுது ஏது ஆகுதுன்னு குறிச்சிட்டு வந்து மாசிக் கூட்டத்துல பேசிரணும்” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதும் வியாதியெல்லாம் எனக்குக் கிடையாது.

மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் கோவில்பட்டியில் எங்கள் ஸ்டுடியோ ஆல்பங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டுதான் இருக்கும். போட்டோ நான், வீடியோ கதிரேசன். எட்டு வருடக் கூட்டு. இந்த மார்கழியில் எங்களைத் தூக்கி இமயமலைக்கு அனுப்பியது அபிநயா என்ற மணப்பெண். மாப்பிள்ளை விக்னேஷ், கடலை மிட்டாய் கம்பெனி வீட்டுப் பையன். தை கடைசியில் கல்யாணம். அதற்கு முன்னால் பனியில் படம் வேண்டுமாம். “ஊட்டியிலயே எடுத்துருவோமே” என்றேன். “ஊட்டியில எல்லாரும் எடுத்துட்டாங்கக்கா” என்றாள் அபி. பேச்சு முடிந்தது. கல்யாணத்துக்கு முன் இருவரையும் தனியாக அனுப்ப மாட்டோம், ஆவுடை கூடப் போனால் சரி என்று இரண்டு வீட்டிலும் சொன்னதால் எனக்குக் காவல் வேலையும் சேர்த்து.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ரயிலேறும்போது கதிரேசனின் அம்மா செண்பகவல்லி புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து என்னைத் தூண் மறைவுக்கு இழுத்தார். “ஏட்டி, கோட்டு கீட்டெல்லாம் போட்டு, பனியில நிக்க மாதிரி இவன ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கோயமுத்தூர்ப் பொண்ணு வீட்டுல பொங்கலுக்குள்ள கேக்காங்க. உன் கை பட்டா முடிஞ்சிரும்” என்றார்.

அது உண்மைதான். வரன் போட்டோவில் எனக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். எத்தனை வருடம் தட்டிப்போன சம்பந்தமாக இருந்தாலும் ஆவுடை எடுத்த படத்தைக் கொடுத்தால் ஆறு மாதத்தில் பத்திரிகை அடித்துவிடுவார்கள். “அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு” என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். ஒரு போட்டோ. ஒரு நிமிட வேலை.

சிம்லாவில் குளிர் பரவாயில்லை. கேமராவுக்குக் கோளாறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு. ரெக்காங் பியோ

சங்கத்துக்கு முதல் குறிப்பு: ட்ரைபாட் காலுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள்.

எட்டு வருடமாகக் கதிரேசன் ஒவ்வொரு முகூர்த்த சீசன் முடிந்ததும் ட்ரைபாடைத் துடைத்து, மூட்டுக்கு மூட்டு தேங்காய் எண்ணெய் விட்டு வைப்பான். கம்பெனி கிரீஸ் எல்லாம் வேண்டாம், இதுதான் நைஸாக ஓடும் என்பான். கோவில்பட்டி வெயிலில் அது ஓடத்தான் செய்யும். இன்று சாயங்காலம் இங்கே வந்து இறங்கியதும், பனிமலை பின்னால் பளபளவென்று நிற்க, ட்ரைபாடின் ஒரு காலும் நீளவில்லை. உள்ளே எண்ணெய் உறைந்து மெழுகாகி இருந்தது. இழுத்தான், முறுக்கினான், முட்டியில் வைத்து மடக்கினான். கடைசியில் விடுதி அடுப்பருகே பிள்ளையைப் போல மடியில் போட்டுக்கொண்டு சூடு காட்டினான். எண்ணெய் சொட்டியது. விடுதிக்காரர் வந்து மோந்து பார்த்துவிட்டு என்ன சமையல் என்று கேட்டார்.

அதோடு போகவில்லை. தலைக்கும் அதே எண்ணெய். வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் அவன் முடி முழுக்க வெள்ளை படிந்து, ஒரே ராத்திரியில் அறுபது வயதாகிவிட்டவனைப் போல நின்றான். அபி சிரித்துச் சிரித்துப் பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் தலையோடு வரன் போட்டோ எடுக்க முடியாது. தள்ளிவைத்தேன்.

ஜனவரி 6, திங்கள். காஸா, ஸ்பிதி பள்ளத்தாக்கு

டிரைவர் அண்ணன் வண்டியில் மலையைச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தோம். டோல்மா அக்கா வீட்டில் தங்கல். நடுக்கூடத்தில் ஓர் இரும்பு அடுப்பு எரிகிறது. வீட்டில் உயிர் இருப்பது அந்த அறையில் மட்டும்தான். எங்களுடைய அறையில் குடிக்க வைத்த தண்ணீர் டம்ளரோடு உறைந்துவிட்டது. வெளியே மைனஸ் பதினேழு. கதிரேசன் சூரத்தில் கொஞ்ச காலம் இருந்தவன், அவனுடைய இந்தியில்தான் எங்கள் சோறு ஓடுகிறது.

இன்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சங்கத்தில் சொல்லும்போது “ஒருவர் செய்தார்” என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே ஒரு மணி நேரம் படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே அடுப்பறைக்குள் வந்தேன். குளிர்ந்த இரும்பில் வெந்நீராவி பட்டது போல லென்ஸ், திரை, பித்தான் எல்லாம் வேர்த்துக் கொட்டின. சரி, துடைத்துக்கொள்ளலாம் என்று அதோடு மறுபடி வெளியே போனேன். வேர்வை அப்படியே பனிக்கட்டியானது. லென்ஸின் வளையம் திரும்ப மாட்டேன் என்றது.

இனிமேல் உள்ளே வருமுன் கேமராவைக் காற்றுப் புகாத கவரில் போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வேர்ப்பது கவர்தான், கேமரா அல்ல. உள்ளே வந்தாலும் கவரைப் பிரிக்கக் கூடாது, அது சாவகாசமாகச் சூடேறட்டும். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொண்டால் பிரிக்கும் ஆசை வராது. கவருக்கு எங்கே போவது என்று விழித்தேன். விக்னேஷ் கடலை மிட்டாய் பேக்கிங் கவரையே கொடுத்தான், ஊரிலிருந்து ஒரு கட்டு வந்திருக்கிறது. இப்போது என் கேமராவின் மேல் “நயம் நிலக்கடலை, சுத்தமான மண்டை வெல்லம்” என்று எழுதியிருக்கிறது.

அந்த மிட்டாயையும் கடித்துப் பார்த்தேன். குளிரில் அது மிட்டாய் அல்ல, தரை ஓடு. கடைவாய்ப் பல் தப்பியது புண்ணியம்.

ஜனவரி 7, செவ்வாய்

பேட்டரி விவகாரம். கவனமாக எழுத வேண்டியது இதுதான்.

குளிரில் பேட்டரி தீர்ந்துபோவதில்லை, மயங்கிவிடுகிறது. முழுசாகச் சார்ஜ் ஏற்றியதுகூட நாலு படம் எடுத்ததும் சிவப்பு காட்டிச் செத்துப்போகிறது. அதையே உள்சட்டைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக்கினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் நான் ஸ்வெட்டரின் உள்பக்கம், நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பை தைத்துக்கொண்டேன். சூடான பேட்டரிகள் அங்கே. செத்தவை முதுகுப் பையின் வெளிப் பாக்கெட்டில். கதிரேசன் தன் வீடியோ பேட்டரிகளைப் பனியனுக்குள் போட்டு மேலே துண்டைக் கட்டியிருக்கிறான். நடந்தால் கோயில் மாடு வருகிற சத்தம்.

உறைந்த ஆற்றின் மேல் அபியும் விக்னேஷும். அபிக்கு அரக்குப் பட்டு, உள்ளே இரண்டடுக்குத் தெர்மல். தலையில் மல்லிகைக்குப் பதில் துணிப்பூ. நிஜப்பூ கொண்டுவந்திருந்தோம், அது விரலால் தட்டினால் டிக் டிக் என்கிறது. “ரெடி” என்றதும் சால்வையைத் தூக்கி எறிந்து சிரிப்பாள், “போதும்” என்றதும் பற்கள் தந்தி அடிக்கும். கேமரா பனியைப் பார்த்தால் பயந்துபோய் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடுகிறது. வெளிச்சத்தை நாமாகவே ஒன்றரைப் பங்கு கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். கூட்டினேன். படங்கள் எனக்கே பிடித்தன.

மத்தியானம் கதிரேசனை நிற்கச் சொன்னேன். டோல்மா அக்காவின் வீட்டுக்காரருடைய நீளக் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தான். தலையில் எண்ணெய் இல்லை. நன்றாகத்தான் இருந்தான். பேட்டரி மாற்றினேன், குறி பார்த்தேன், பித்தானை அழுத்தினேன். திரை கண்ணை மூடிக்கொண்டது.

குளிர்தான். வேறென்ன.

ஜனவரி 8, புதன்

அபி, விக்னேஷ் படங்கள் பிரமாதம். கதிரேசன் போட்டோ எடுக்க முடியவில்லை. பேட்டரி.

ஜனவரி 9, வியாழன்

இன்று மூன்றாவது முயற்சி. குன்றின் மேல் பௌத்த மடம் பின்னணியில். கதிரேசன் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டு, கன்னத்தைத் தேய்த்துச் சிவப்பாக்கிக்கொண்டு நின்றான். பேட்டரி மாற்றினேன். செத்தது.

“பரவால்ல விடு, நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்றான். சலிப்பே இல்லை. சீட்டி வேறு அடித்துக்கொண்டு ட்ரைபாடை மடக்கினான். இவனுக்குத்தான் பெண் பார்க்கிறார்களா, பக்கத்து வீட்டுக்காரனுக்கா என்றே தெரியவில்லை. கொஞ்சமாவது அக்கறை இருக்க வேண்டாமா?

மாடியில் ஒரே ஒரு மூலையில்தான் போன் சிக்னல் வருகிறது. அங்கே போய் நின்றதும் செண்பகவல்லி அம்மாவின் அழைப்பு. “என்னட்டி, போட்டோ எங்க?”

“குளிர்ல கேமரா நிக்க மாட்டேங்குதும்மா.”

“அந்தப் பொண்ணு மாப்பிள்ளைய மட்டும் எடுத்து எடுத்து அனுப்புத? அவங்கம்மா தெருத்தெருவா காட்டிட்டுத் திரியுதா.”

“அவங்கள எடுக்கப்போ வெயில் இருந்துச்சு.”

“என் பிள்ளை நிக்கப்போ வெயிலு ஓடிருதாக்கும்” என்றார். சிக்னல் போய்விட்டது. நல்ல வேளை.

ஜனவரி 10, வெள்ளி

காலையிலிருந்து பனிக்கொட்டல். வெளியே போக முடியாது. கரண்டும் இல்லை. எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டோல்மா அக்கா கொடுக்கும் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரைக் குடித்தோம். விக்னேஷ் அதில் கடலை மிட்டாயை முக்கிச் சாப்பிடக் கண்டுபிடித்துவிட்டான். நன்றாகவே இருக்கிறது.

அபிக்குப் பொழுது போகவில்லை. “கதிர் அண்ணா, கோயமுத்தூர்ப் பொண்ணப் பத்திச் சொல்லுங்க” என்றாள்.

“என்னத்தச் சொல்ல? எம்.எஸ்ஸி. படிச்சிருக்காங்களாம். பாட்டுத் தெரியுமாம்.”

“அப்புறம்?”

“அவங்க அப்பா கோயமுத்தூர்லயே ஸ்டுடியோ வச்சுக் குடுக்கேங்கார். கல்யாணத்துக்கு அப்புறம் அங்கயே இருந்துரணுமாம்.”

இது எனக்குத் தெரியாது. செண்பகவல்லி அம்மா சொல்லவில்லை, இவனும் சொல்லவில்லை. “நல்ல விசயம்தானே, கோயமுத்தூர்ல பெரிய பெரிய மண்டபமா இருக்கும்” என்றேன். கதிரேசன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். “ஆமா, இருக்கும்” என்றான்.

பாட்டுத் தெரிந்தால் என்ன? நான் வெளிச்சத்துக்கு ரீடிங் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாடுவாளா? எம்.எஸ்ஸி.யில் என்ன பாடம் என்றுகூட இவன் கேட்டு வைக்கவில்லை.

இதெல்லாம் சங்கக் கூட்டத்துக்குத் தேவையில்லாதது. அடித்துவிட வேண்டும்.

தேவையானது: கரண்ட் இல்லாத நாளில் சார்ஜ் ஏற்ற முடியாது. இருக்கிற பேட்டரியை வீணாக்கக் கூடாது.

ஜனவரி 11, சனி

பனி நின்றது. கரண்ட் வந்தது. மத்தியானம் நானும் அபியும் எங்கள் அறையில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளுக்குள் கிடந்தோம். “அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது” என்றாள். இப்படித் தொடங்கினாலே கோபப்பட வேண்டிய விஷயம்தான் வரும்.

“எங்கள எடுக்கிறப்போ பேட்டரிய ஸ்வெட்டருக்குள்ள இருந்து எடுத்துப் போடுறீங்க. கதிர் அண்ணன எடுக்கிறப்போ மட்டும் முதுகுப் பையோட வெளிப் பாக்கெட்டுல இருந்து எடுத்துப் போடுறீங்களே, ஏன்?”

“அது ஏதோ அவசரத்துல.”

“மூணு தடவையுமா?”

“குளிர்ல கை வெறச்சிப் போயிருது, எந்தப் பாக்கெட்டுன்னு தெரியல.”

அவள் ரஜாயை மூக்குவரை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு வக்கீல் மூளை. “டிரைவர் உங்களுக்கு அண்ணன், சங்கத்துக்காரர் அண்ணன், சிம்லாவுல ஸ்வெட்டர் வித்தவருகூட அண்ணன். கதிர் அண்ணன மட்டும் நீங்க ஒரு தடவை கூட அண்ணன்னு கூப்பிட்டதில்லையே அக்கா?”

“எங்களுக்குள்ள ரெண்டு வயசுதான் வித்தியாசம்.”

“எனக்கும் விக்னேஷுக்கும்கூட ரெண்டு வயசுதான்” என்றாள்.

எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். மாடியில் குளிரில் நிற்க முடியவில்லை, கீழே வந்துவிட்டேன். இப்போது அவள் தூங்குகிறாள். எழுதுகிறேன்.

எந்தப் பாக்கெட்டில் கை போகிறது என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலேயே தெரியும்.

அவன் போகக் கூடாது. எனக்கு அவன் வேண்டும். எழுதிப் பார்த்தாலும் கூச்சமாகத்தான் இருக்கிறது, முப்பத்தைந்து வயதில். பொண்ணு மண்டபத்துக்குள் நுழையும்போது நான் அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்து நடந்து போவேன். பின்னால் படி இருக்கிறதா, ஒயர் கிடக்கிறதா, மணையே இருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. விழப்போகும் இடம் வந்தால் முதுகில் ஒரு விரல் வந்து தொடும். எட்டு வருடமாக அந்த விரலை நம்பியே நான் பின்னால் நடக்கிறேன். எல்லோரும் சாப்பிட்டு முடிந்து கடைசிப் பந்தியில் எங்களுக்கு இடம் கிடைக்கும்போது, எனக்கு ஓர் இலை போட்டுப் பக்கத்தில் கையை ஊன்றி இடம் பிடித்து வைத்திருப்பான். இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை அவனும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லி, இல்லையென்று சொல்லிவிட்டால் மறுநாள் முகூர்த்தத்துக்கு யாரோடு போவது?

ஆனால் செத்த பேட்டரியைப் போட்டு ஒருவனுடைய கல்யாணத்தை நிறுத்தி வைப்பது அசிங்கமான வேலை. செண்பகவல்லி அம்மா என் கையை நம்பிக் கேட்டிருக்கிறார். அவன் கோயமுத்தூர் போக விரும்பினால் போகட்டும். நாளைக்கு எடுக்கிறேன். நன்றாகவே எடுக்கிறேன், என் தொழிலில் யாரும் குறை சொல்லக் கூடாது.

ஜனவரி 12, ஞாயிறு

எடுத்துவிட்டேன்.

ஆற்றங்கரை. மைனஸ் பதினான்கு, நல்ல வெயில். அபியும் விக்னேஷும் தள்ளிப் போய்ப் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். கதிரேசனை நிற்க வைத்துவிட்டு, ஸ்வெட்டருக்குள் கைவிட்டுப் பேட்டரியை எடுத்தேன். கதகதவென்று இருந்தது. அவன் அதைப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

“குல்லாவக் கழட்டு.”

கழற்றினான்.

“தோளை எறக்கு. இங்க பாரு. லென்ஸப் பாரு.”

“எங்க பாக்கணும்னு எனக்குத் தெரியும்” என்றான்.

மூச்சு வ்யூஃபைண்டரில் பட்டால் பனி பிடித்துவிடும், அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். அடக்கிக்கொண்டேன். மூன்று படம். கேமரா ஒரு முனகல்கூட இல்லாமல் எடுத்தது. திரையில் பார்க்கலாமென்றால் குளிரில் திரை மசமசவென்று இழுத்தது, ஒன்றும் தெரியவில்லை.

“எடுத்தாச்சா?” என்றான்.

“எடுத்தாச்சு.”

“பேட்டரி சாகலையா?”

“சாகல.”

“சரி” என்று குல்லாவை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான். ட்ரைபாடை எடுக்க மறந்துவிட்டான். எட்டு வருடத்தில் அவன் ட்ரைபாடை மறந்து நான் பார்த்ததில்லை. நானே தூக்கிக்கொண்டு வந்தேன். கையுறையில் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது, விரல் நுனி இரும்பில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் தோல் போய்விடும். ஊதி ஊதிப் பிரித்தேன். சங்கத்துக்கு: ட்ரைபாட் காலில் துணி சுற்றி வையுங்கள்.

ஜனவரி 13, திங்கள்

மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். ஃபோகஸ் கண்ணில் சரியாக விழுந்திருக்கிறது. வெளிச்சம் சரி. பனி வெள்ளையாக இருக்கிறது. தொழில் ரீதியாக ஒரு குறையும் இல்லை. நடுவில் உள்ள படம் நன்றாக இருந்ததால் அதை அனுப்பினேன். இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

மாடி மூலையில் நின்று அது போய்ச் சேரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். போய்விட்டது. ஒரு நிமிட வேலை என்று அன்றைக்கே சொன்னேனே.

கதிரேசனுக்கு உடம்பு சரியில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து பேச்சில்லை, சாப்பாடும் இல்லை. உயரமான இடத்தில் இப்படி மலைநோய் வருமாம். டோல்மா அக்காவிடம் சொல்லிப் பூண்டு ரசம் மாதிரி ஒன்று வைத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தான். தலைவலிக்கிறதா என்றால் இல்லை. மூச்சு வாங்குகிறதா என்றால் இல்லை. “பின்ன என்னதான் செய்யுது?” என்று கேட்டேன். “ஒண்ணும் செய்யல. நீ போட்டோ அனுப்பிட்டியா?” என்றான்.

“அனுப்பிட்டேன்.”

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போர்த்திப் படுத்துவிட்டான். அடம்பிடித்த மலைநோய்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

இன்று கடைசி நாள். பொங்கலன்று பொங்காமல் கிளம்ப மாட்டேன் என்று அபி சொல்லிவிட்டாள். வெளியே முற்றத்தில் கல்லடுக்கி, பனியை அள்ளி உருக்கி, டோல்மா அக்காவின் குக்கரில் அரிசி போட்டோம். இந்த உயரத்தில் சாதாரணப் பானையில் அரிசி வேகாது. பால் பொங்குவதற்குப் பதில் விசில் வந்தது. அபி அதற்கே “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினாள். வெல்லத்துக்குக் கடலை மிட்டாயை உடைத்துப் போட்டான் விக்னேஷ். கதிரேசன் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேமராப் பையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

சிக்னலுக்காக மாடி மூலையில் வைத்திருந்த என் போன் அடித்தது. மாடிக்கு ஓடினேன். செண்பகவல்லி அம்மா.

“ஏட்டி ஆவுடை, போட்டோ வந்துச்சு.”

“கோயமுத்தூருக்கு அனுப்பிட்டீங்களாம்மா?”

“அனுப்பல.”

“ஏம்மா, சரியா வரலையா?”

“சரியா வந்திருக்கு. அதான் கோளாறு.” சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது. “முப்பத்தேழு வருசமா அவன் மூஞ்சியப் பாக்கேன். பெத்த என்னயக்கூட ஒரு நாளும் அவன் இப்படிப் பாத்ததில்லட்டி. அவன் பாக்குதது கேமராவ இல்ல. பின்னால நிக்க ஆள. இத அந்தப் பொண்ணு ஒரு தடவை பாத்தாப் போதும், கண்டுபிடிச்சிரும். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு நான் அந்தப் பாவத்தப் பண்ண மாட்டேன். வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

கையில் போன் இருப்பதே மறந்துபோனது.

“எட்டு வருசமா ரெண்டு பேரும் ஊரு கல்யாணத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுத் திரிஞ்சியளே, வாயத் தொறந்து சொல்லுததுக்கு என்னட்டி? அவனும் ஒரு ஊமை, நீயும் ஒரு ஊமை. அழுதியா என்ன?”

“இல்லம்மா” என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன். இந்தக் குளிரில் கண்ணீர் இமையில் ஒட்டி, ஒரு கண் திறக்கவே இல்லை.

“போன அவன்கிட்டக் குடு.”

கீழே எட்டிப் பார்த்து அவனைக் கூப்பிட்டேன். ஏணியில் ஏறி வந்தான். போனைக் கொடுத்துவிட்டு நான் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவன் “சொல்லும்மா” என்றான். “ம்” என்றான். நீண்ட நேரம் வெறும் “ம்”தான். கடைசியில், “அதுக்கு அவ சம்மதிக்கணும்லம்மா. சரி. கேக்கேன். வையி” என்றான்.

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். கீழே குக்கர் மறுபடி விசில் அடித்தது. அபி, விக்னேஷ், டோல்மா அக்கா மூன்று பேரும் அடுப்பை விட்டுவிட்டு அண்ணாந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“செத்த பேட்டரியப் போட்டியே, அந்த மூணு தடவையும் எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு” என்றான். “ஞாயித்துக்கெழம நல்லதப் போட்டுட்டியே, ஆவுடை. சரி, அவ்வளவுதான்னு நெனச்சிட்டேன்.”

“பின்ன கோயமுத்தூர்ல ஸ்டுடியோ வைக்க ஆசையோன்னு நெனச்சேன்.”

“கோயமுத்தூர்ல எனக்கு யாரத் தெரியும்?”

ஒட்டிய கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மாவுக்கு உன் போட்டோ ஒண்ணு வேணுமாம். சாமி படத்துக்கிட்ட வச்சு, நாலு பேருகிட்டக் காட்டணுமாம்” என்றான். “எடுக்கட்டுமா?”

“எடு” என்றேன்.

கீழே போய்க் கேமராவை எடுத்து வந்தான். நான் ஸ்வெட்டரிலிருந்து பேட்டரியை எடுத்துக் கொடுத்தேன். கிழிந்த கையுறை, குரங்குக் குல்லா, சிவந்த மூக்கு. இந்தக் கோலத்தில் நான் யாரையும் நிற்க வைத்து எடுத்ததில்லை. குல்லாவையாவது கழற்றலாமென்று போனேன், இருக்கட்டும் என்றான். கண்ணில் வைத்துப் பார்த்தான். இறக்கினான். மறுபடி வைத்தான். எடுத்தான். திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“ஆடிருச்சு” என்றான். இன்னொன்று எடுத்தான். அதுவும் ஆடியிருந்தது. எத்தனையோ மண்டபத்தில் நெருக்கித் தள்ளும் கூட்டத்துக்குள் ஒற்றைக் கையால் வீடியோ பிடித்தவன், மூன்றாவது படத்தையும் ஆட்டிவிட்டான்.

“கைய அக்குளுக்குள்ள வச்சுச் சூடாக்கிட்டு எடு. இந்தக் குளிருக்கு யாருக்கும் ஆடத்தான் செய்யும்” என்றேன்.

“குளிரு இல்ல” என்றான்.